அவதிக்கு வைத்த கொழும்புப் பயணம்

மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு எர்ணாகுளமே வெளிநாடு. படகேறி அக்கரை போய் இறங்க வேண்டும். அங்கே ஆட்கள் வேறு மாதிரி நடப்பார்கள், வேறு மாதிரி பேரம் பேசுவார்கள். என் அம்மா அக்கரைக்குத் துணி எடுக்கப் போவதென்றால் முதல் நாளே சாமி படத்துக்கு ஒரு முழம் பூ அதிகமாகச் சாத்திவிடுவாள். இப்படிப்பட்ட ஊரில் இருந்த எங்கள் பள்ளிக்கூடம், எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது, பிள்ளைகளைக் கொழும்புக்கு அழைத்துப் போகப்போவதாக அறிவித்தது.

காரணம் கல்வி அல்ல, பொறாமை. கோட்டைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று வருஷா வருஷம் ஊட்டிக்குப் போய்வந்து, ஊட்டி வர்க்கியை எங்கள் கண் முன்னால் கடித்துக் கடித்துத் தின்றது. எங்கள் ஹெட்மாஸ்டருக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் அட்லஸைத் திறந்து ஸ்கேலை வைத்து அளந்தார். டெல்லி எங்கோ கிடந்தது. கொழும்பு, ஸ்கேல் கணக்கில், பக்கத்து வீடு. ஸ்கேலுக்குக் கடலும் தெரியாது, கஸ்டம்ஸும் தெரியாது. மறுநாள் காலை அசெம்பிளியில், நம்முடைய பள்ளிக்கூடம் சமுத்திரம் கடக்கப்போகிறது என்றார். அந்தக் குரலைக் கேட்டவர்கள், அவரே முன்னால் நீந்திப் போகப்போகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ராமேஸ்வரம் வரை ரயில், அங்கிருந்து கப்பல், அக்கரையில் மறுபடி ரயில். கொழும்பில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் தன்னுடைய பெரிய ஹாலைக் காலி பண்ணி, எல்லோருக்கும் பாய் விரித்துத் தருவதாக ஒத்துக்கொண்டிருந்தது. வேனல் அவதியில் போய்வருவது என்று ஏற்பாடு.

இந்த 'அவதி'யை இங்கேயே சொல்லிவிட வேண்டும். நாங்கள் தமிழர்கள்தான். ஆனால் பல தலைமுறையாகக் கொச்சியில் ஊறிப் போனவர்கள். நாங்கள் பேசினால் மதுரைக்காரர்கள் மலையாளம் என்பார்கள், மலையாளிகள் தமிழ் என்பார்கள். எங்களுக்கு அவதி என்றால் விடுமுறை. வாய்தாவுக்கும் அவதிதான். கோர்ட்டில் வழக்கைத் தள்ளிப் போட்டால் 'அவதிக்கு வெச்சாச்சு' என்போம். அதேபோலச் சமரம் என்றால் வேலைநிறுத்தம். மற்ற தமிழர்கள் சமர் என்று போரைச் சொல்கிறார்கள், அவதி என்று துன்பத்தைச் சொல்கிறார்கள் என்பதெல்லாம் எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில் இருந்ததில்லை. நானோ மலையாளத்தில் படித்தவள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன்.

மற்றப் பிள்ளைகளுக்கு இது ஊட்டி வர்க்கிக்குப் பதிலடி. எனக்கு அப்படியில்லை. என் அக்கா கொழும்பில் இருந்தாள். அப்பா ஒரு மலஞ்சரக்கு முதலாளியின் கிட்டங்கியில் குமாஸ்தா. மிளகு, சுக்கு, கிராம்பு என்று மூக்கைப் பதம் பார்க்கும் சரக்குகள்தான் அங்கே. அங்கே கிராம்பு விற்க வந்த ஒரு கொழும்பு வியாபாரி மூலமாக வந்த சம்பந்தம் அது. மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். இரண்டு தலைமுறையாகக் கொழும்பில் துணிக்கடை வைத்திருந்தார்கள். கல்யாணமாகிப் போன அக்கா அதன் பிறகு ஊருக்கு வரவே இல்லை. போன ஒரு வருஷத்திலேயே கடிதங்களில் 'சாயா' போய்த் 'தேத்தண்ணி' வந்துவிட்டது. அப்பா வாசிக்க அதைக் கேட்டு அம்மா ஒரு நாள் முழுக்க அழுதாள்.

அந்த அக்கா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். தலைப் பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று பேச்சு. கர்ப்பிணியை அவ்வளவு தூரம் தனியாக அனுப்ப முடியாது, மாப்பிள்ளைக்கோ கடையை விட முடியாது. அந்த நேரத்தில்தான் ஹெட்மாஸ்டரின் பொறாமை எங்களுக்கு வரமாக வந்து சேர்ந்தது. திரும்பி வரும்போது இரண்டு டீச்சர்கள், ஒரு பட்டாளம் பிள்ளைகள், நடுவில் அக்கா. இதைவிட நல்ல துணை எங்கே கிடைக்கும்? கொழும்பிலும் சம்மதம். எங்கள் பள்ளிக்கூடம் முழுவதுக்கும் ஒரு நாள் மதியச் சாப்பாடு தங்கள் வீட்டில்தான் என்று அக்காவின் மாமியார் கடிதம் போட்டிருந்தார். அம்மா தெற்குப் பக்கத்து அறையைக் கழுவி, தொட்டில் கட்டக் கொக்கியைக்கூடத் தேய்த்துத் துடைத்து வைத்துவிட்டாள்.

அப்போதுதான் பேப்பரில் செய்திகள் வர ஆரம்பித்தன. இலங்கையில் வடக்கே எங்கோ சுட்டார்களாம். எங்கோ ஒரு குண்டு வெடித்ததாம். உள்பக்கத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வந்த செய்தி, மட்டாஞ்சேரி டீக்கடைகளில் ஒரு கிளாஸ் சாயாவுக்குள் ஊறி ஊறிப் பெருத்தது. சாயங்காலத்துக்குள் கொழும்பு முழுவதும் தீவிரவாதிகள்தான் என்று ஆகிவிட்டது. கொழும்பு எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கையை வடக்கே நீட்டுகிறவர்களும் அதைச் சத்தியம் பண்ணிச் சொன்னார்கள்.

உடனே பெற்றோர் சங்கத்தின் யோகம் கூடியது. யோகம் என்றால் எங்களுக்குக் கூட்டம். சங்கத்தின் தலைவர் வேறு யாருமல்ல, அப்பாவின் முதலாளி. அவர் பேத்தி என் வகுப்பு. கொழும்பில் ஏதாவது கலகம் என்று செய்தி வந்தால் கிராம்பு விலை ஏறும். ஏறினால் அவர் கிட்டங்கியில் எல்லோருக்கும் சுண்டல் வாங்கிக் கொடுப்பார். அதே செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் அன்று யோகத்தில் நடுங்கினார். ஒரே மனிதர், ஒரே செய்தி. காலையில் சுண்டல், மாலையில் நடுக்கம்.

அந்த வாரம் மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகளின் சமரம் நடந்துகொண்டிருந்தது. கடைகள் அடைப்பு, பஸ் இல்லை, பஜார் ரோட்டில் கல்லெறி. பெற்றோர்கள் கல்லுக்குத் தப்பி, சந்து சந்தாகப் புகுந்து, பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பேச வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பேங்க் குமாஸ்தா முந்தின நாள் தப்பித் தவறி ஓடிய ஒரு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததற்கு நெற்றியில் பெரிய கட்டோடு வந்திருந்தார். கொழும்பு ஆபத்தான இடம் என்று முதலில் எழுந்து பேசியது அவர்தான். அவர் நெற்றியைப் பார்த்து எல்லோரும், பாவம், அனுபவப்பட்டவர் சொல்கிறார் என்று தலையாட்டினார்கள். அந்தக் கல் கொழும்பிலிருந்து வந்ததில்லை என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

யோகம் மலையாளத்தில் நடந்தது, நான் எங்கள் தமிழில் சொல்கிறேன். பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டோம். ஒருவர், முதலில் டீச்சர்களை மட்டும் அனுப்பிப் பார்க்கலாம், அவர்கள் திரும்பி வந்தால் பிள்ளைகளை அனுப்பலாம் என்றார். ஒரு அம்மா, பிள்ளைகள் பத்திரமாக வந்துவிட்டாலும் அவர்கள் பெட்டியில் யாராவது குண்டை வைத்து அனுப்பினால் நம் தெருவல்லவா போகும் என்று கேட்டார். இதைக் கேட்டதும் பயணத்தில் பிள்ளையே சேராத இரண்டு பேரும் பயப்பட ஆரம்பித்தார்கள்.

எங்கள் சோஷியல் டீச்சர் ஒருத்திதான் எதிர்த்துப் பேசினாள். "அங்கயும் குட்டிகள் இருக்கா, அவாளும் தினம் ஸ்கூளுக்குப் போறா. நம்மள எதிர்பார்த்து ஹாலைக் காலி பண்ணி வெச்சிருக்கா. அவாகிட்ட என்ன சொல்லட்டும்? உங்க ஊர்ல நீங்க இருக்கலாம், எங்களுக்கு மட்டும் பயம்னா?"

முதலாளி சாந்தமாகச் சிரித்தார். "அது அவங்க ஊரு டீச்சரே. அவங்களுக்கு அது சீலமாயிருக்கும்" என்றார். சீலம் என்றால் எங்கள் பக்கத்தில் பழக்கம். குண்டு பழகிப்போயிருக்கும் என்று அர்த்தம். கூட்டத்தில் எல்லோரும் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

அப்பா கடைசி வரிசையில் இருந்தார். பேசுவதற்கு அவருக்கு இருந்த காரணம் அந்த ஹாலில் வேறு யாருக்கும் இல்லை. எழுந்தார். முதலாளி திரும்பிப் பார்த்தார். அப்பா ஜன்னல் கதவு காற்றில் ஆடுவது போலக் காட்டி, அதைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். சாத்தியது எங்கள் முகத்துக்கு நேராக.

ரத்து என்று சொன்னால் ஹெட்மாஸ்டருடைய மானம் போகும். கோட்டைப் பள்ளிக்கூடம் சிரிக்கும். அதனால் பயணத்தை 'அவதிக்கு வைப்பது' என்று தீர்மானம் போட்டார்கள். எந்தத் தேதிக்கு என்று யாரும் கேட்கவில்லை. தீர்மானம் முடிந்து பழம்பொரியும் சாயாவும் வந்தன. பிறகு எல்லோரும் கல்லெறிக்குத் தப்பிச் சந்து வழியாக வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

வீட்டில் அப்பா விஷயத்தைச் சொன்னபோது அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எல்லார் குட்டிகளும் ரெண்டு நாள் போய்ட்டு வரதுக்கு யோகம் கூட்டினாளாக்கும். எம் பொண்ணு அங்கதான் இருக்கா. அவளுக்கு ஆரு யோகம் கூட்டினா?"

அப்பா கால் கழுவப் போனார்.

இனி கொழும்புக்குத் தகவல் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மாஸ்டர் தந்தி அடித்துவிட்டார். சம்பந்தி வீட்டுக்கு நாங்கள் சொல்ல வேண்டும். முதலாளிக்கு மனசாட்சி கொஞ்சம் உறுத்தியிருக்க வேண்டும், கிட்டங்கியிலிருந்து ஒரு டிரங்க் கால் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா பக்கவாட்டுக் கதவைத் திறந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் ஒரே யோசனை. "உங்க ஊர்ல குண்டு வெடிக்குது, அதனால வரல்லைன்னு எப்படிச் சொல்றது? அவா ஊரல்லோ. மனசு வேதனிக்கும். மரியாதையா என்னமாவது சொல்லணும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

மரியாதையான காரணம் தெருவிலேயே கிடைத்தது. சமரம்.

இணைப்பு கிடைக்க வெகு நேரமானது. கிட்டங்கியில் காற்றோட்டமில்லை. வற்றல் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த மூலையில்தான் போன். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அப்பாவுக்குக் கண்ணில் நீர் கொட்ட ஆரம்பித்தது, தொண்டை கட்டிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தது அக்கா இல்லை, அவள் மாமியார். அக்கா கோயிலுக்குப் போயிருந்தாள்.

"சம்பந்தியம்மா, நாந்தான், கொச்சியில இருந்து. குட்டிகள் வரல்லை. இங்க சமரமாக்கும்."

"என்னது? என்ன சொல்லுதிய?"

அப்பா இருமினார். மூக்கை உறிஞ்சினார். "சமரம். பெரிய சமரம். ஆட்கள் எல்லாம் ரோட்டிலயாக்கும். ஸ்கூளுக்கெல்லாம் அவதி. எல்லாருக்கும் அவதி."

அப்போது ஊர்வலம் ஒன்று கோஷம் போட்டுக்கொண்டு கிட்டங்கிச் சுவரை ஒட்டிப் போனது. அது போதாதென்று பக்கத்துக் கோயிலில் உற்சவம். உச்சிப் பூஜைக்குக் கதினா வைத்தார்கள். இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து வைக்கும் வெடி அது. கூரை ஓடு அதிரும்.

"ஐயோ, என்ன சத்தம் அது?"

"வெடியாக்கும். தினமும் உள்ளதுதான். நீங்க பேடிக்கண்டா." பதற்றம் வந்தால் அப்பாவுக்குத் தமிழ் பாதியில் நின்று மலையாளமாகிவிடும். பயப்படாதீர்கள் என்று சொன்னார்.

சம்பந்தியம்மா அங்கே யாரையோ கூப்பிடுவது கேட்டது. பிறகு, "எல்லாரும் உசுரோட இருக்கியளா சம்பந்தி?" என்று கேட்டார்.

அப்பா ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "எத்தனை மரியாதை பாரு. எல்லார் சுகமும் விசாரிக்கா" என்று என்னிடம் சொன்னார். பிறகு உள்ளே, தழுதழுத்த குரலில், "இருக்கோம், இருக்கோம். இன்னைக்கு வரைக்கும் குழப்பமில்லை" என்றார். லைன் அறுந்தது.

வெளியே வந்து முகத்தைக் கழுவிய அப்பா நல்ல திருப்தியோடு இருந்தார். யார் மனமும் நோகாமல் விஷயத்தை முடித்துவிட்டதாக அவருக்கு எண்ணம். எனக்கு ஒரு நாரங்கா மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

அந்தச் சமரம் அடுத்த வாரமே ஒத்துதீர்ப்பாகி முடிந்தது. எல்லோரும் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். கொழும்பிலிருந்து சம்பந்தியின் கடிதம் வந்தது. கடையில் மாப்பிள்ளைக்கு வேலை அதிகமென்றும், உங்கள் பக்கம் மழை பலமென்று கேள்விப்படுவதால், மழை கழிந்து எல்லாம் அடங்கிய பிறகு அனுப்பி வைக்கிறோம் என்றும் எழுதியிருந்தார்கள். கடிதம் வந்தபோது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மழையாம். கெறுவு. நாம குட்டிகளை அனுப்பல்லைன்னு பழி வாங்கறா. தலைப் பிரசவம் அம்மா வீட்டில இல்லாம எங்கயாக்கும்?" என்று பொரிந்து தள்ளினாள். அப்பா பதில் எழுதினார். இங்கே எல்லோரும் சுகம், ஒரு குழப்பமும் இல்லை, எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம் என்று எழுதினார். அவர்களும் அங்கே எல்லோரும் சுகம் என்று எழுதினார்கள். இரண்டு பக்கமும் இப்படி மாற்றி மாற்றிச் சுகத்தை எழுதிக்கொண்டே இருந்தோம். அந்த வீட்டுச் சம்பிரதாயம் எங்களுக்கு அப்போது தெரியாது. ஒருவர் சுகம் என்று அழுத்தி அழுத்தி எழுதினால் அங்கே என்னவோ மறைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்களாம். அவர்களுடைய ஊரிலிருந்து அவர்களே அப்படி எழுதிப் பழகியவர்கள். அப்பாவின் ஒவ்வொரு கடிதத்துக்கும் அக்காவின் வருகை ஒரு மாதம் தள்ளிப் போனது.

வேனல் அவதி வந்து போனது. தெற்கு அறையில் அம்மா புளி உலர்த்த ஆரம்பித்தாள்.

மழைக்காலத்தில் கொழும்பு எரிந்தது. இந்த முறை செய்தி விரல் அகலத்தில் வரவில்லை, பேப்பர் முழுவதும் வந்தது. தமிழர்களின் கடைகள், வீடுகள். தேடித் தேடி எரித்தார்கள் என்று படித்தோம். டிரங்க் கால் போகவில்லை, தந்திக்குப் பதிலில்லை. அக்காவுக்கு நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நான் பள்ளிக்கூடத்தில் எதையோ எழுதிக்கொண்டிருப்பேன், பார்த்தால் ஒரே வார்த்தையைப் பக்கம் முழுக்க எழுதியிருப்பேன்.

அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் பெற்றோர் சங்கம் மறுபடி யோகம் கூடியது. நன்றி அறிவிப்பு யோகம். குட்டிகளைச் சாவின் வாயிலிருந்து மீட்ட தீர்க்கதரிசனத்துக்காக முதலாளிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நெற்றித் தழும்போடு பேங்க் குமாஸ்தா வாழ்த்திப் பேசினார். பயணம் நின்றதற்கு அழுத பிள்ளைகளின் கையிலேயே பூச்செண்டைக் கொடுத்து ஹெட்மாஸ்டர் மேடைக்கு அனுப்பினார். எல்லோருக்கும் லட்டு. கிராம்பு விலை அந்த மாதம் எங்கே போய் நின்றது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, லட்டின் பருமனே சொன்னது.

எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்றும் அடங்கவில்லை. பயந்தது தப்பென்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். நானும் பெற்றவள்தான், என் மகள் படகேறி அக்கரைக் கல்லூரிக்குப் போனபோதே நானும் சாமி படத்துக்கு ஒரு முழம் பூ அதிகமாகச் சாத்தினேன். ஆனால் நாங்கள் போவதாக இருந்தது சித்திரையில், ஊர் எரிந்தது ஆடியில். போயிருந்தால் பாய் விரித்துப் படுத்து, அக்கா வீட்டில் சாப்பிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு எப்போதோ வந்து சேர்ந்திருப்போம். அந்த ஹாலில் இதை எண்ணிப் பார்த்தவர் ஒருவருமில்லை. சோஷியல் டீச்சர் மட்டும் லட்டை எடுக்காமல் எழுந்து எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பயணத்தை இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை. தீர்மானப் புத்தகத்தில் அது அவதியில்தான் இருக்கும்.

பல வாரம் கழித்து, யாரோ ஒருவர் கையில் கொடுத்து ராமேஸ்வரத்தில் தபாலில் சேர்த்த அக்காவின் கடிதம் வந்தது. கடை போய்விட்டது. வீடும் போய்விட்டது. உயிர் எல்லோருக்கும் இருந்தது. முதல் சில நாட்கள் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அடைந்து கிடந்தார்களாம். எங்களுக்குப் பாய் விரிப்பதாகச் சொன்ன அதே பள்ளிக்கூடம், அதே ஹால். 'உங்களுக்கென்று வாங்கி வைத்திருந்த பாய்கள் இருந்தன. அதில்தான் படுத்தோம்' என்று எழுதியிருந்தாள். பிறகு கப்பலில் வடக்கே கொண்டுபோனார்கள். அங்கே யாரோ முன்பின் தெரியாதவர் வீட்டில் பெண் குழந்தை பிறந்தது. அம்மா அந்த வரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது.

துலாமாதத்தில், அதாவது ஐப்பசியில், வந்து சேர்ந்தார்கள். அக்கா, குழந்தை, மாமியார். மாப்பிள்ளை மிச்சம் ஏதாவது தேறுமா என்று பார்க்க அங்கேயே தங்கிவிட்டார். ரயில் துறைமுகத் தீவு ஸ்டேஷன் வரைதான் வரும், அங்கிருந்து மட்டாஞ்சேரிக்குப் பாலம் உண்டு. நானும் அப்பாவும் கூட்டி வரப் போனோம். அக்கா அடையாளம் தெரியாமல் கறுத்து மெலிந்திருந்தாள். மாமியார், நான் கல்யாணத்தில் பட்டும் வைரமுமாகப் பார்த்த பெண்மணி, யாரோ கொடுத்த நூல் சேலையில், கையில் ஒரு துணி மூட்டையோடு இறங்கினார். நான் அத்தை என்று கூப்பிட்டேன். தலையைத் தடவினார்.

அன்றைக்கென்று மட்டாஞ்சேரியில் மறுபடி சமரம். ஆட்டோவும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பாலத்தின் மேல் நடந்தே வந்தோம். பாதிப் பாலத்தில் இருக்கும்போது எதிரே கொடியோடு ஊர்வலம் வந்தது. "சமரம், சமரம், ஜீவித சமரம்" என்று ஒருவர் கத்த, மற்றவர்கள் திருப்பிக் கத்தினார்கள்.

அத்தை சட்டென்று குழந்தையை அக்காவின் கையிலிருந்து பிடுங்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டார். பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, அந்தச் சமரு இன்னுமா முடியல?"

"எது?" என்றார் அப்பா.

"நீங்க போன்ல அழுதுக்கிட்டே சொன்னியளே. சமரு நடக்கு, சனமெல்லாம் ரோட்டுல கெடக்கு, எல்லாருக்கும் அவதி, தினமும் வெடிக்கின்னு. வெடிச்சத நானே கேட்டேன். அதுக்குப் பொறவுதான வயித்துப் பிள்ளக்காரிய அங்க அனுப்ப மாட்டேன்னு நான் ஒத்தக் கால்ல நின்னேன். உங்க ஊரு அப்படி இருக்குன்னு எழுதினா மனசு நோவும்னு மழைய எழுதினோம்."

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். கொச்சியில் பிறந்தவள், அவளுக்கு விளங்கிவிட்டது. போனை அன்று அவள் எடுத்திருந்தால் அன்றே விளங்கியிருக்கும்.

அதற்குள் ஊர்வலம் எங்கள் பக்கத்தில் வந்துவிட்டது. முன்னால் வந்தவர் ஒரு கையில் கொடியும் மறு கையில் குடையும் வைத்திருந்தார். பின்வரிசையில் ஒரு பொட்டலம் கடலை கைமாறிக்கொண்டிருந்தது. கொடிக்காரர் முந்தானைக்குள் அசைவதைப் பார்த்துவிட்டுக் குடையை உயர்த்தினார். கோஷம் நின்றது. "குஞ்ஞு உறங்ஙட்டே" என்றார், குழந்தை தூங்கட்டும் என்று. அவ்வளவு பேரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க எங்களைக் கடந்து போனார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் மறுபடி சமரத்தை ஆரம்பித்தார்கள்.

"அத்தை, இங்க சமரம்னா ஸ்டிரைக். வேலைக்குப் போகாம இருக்கிறது" என்றாள் அக்கா. கொஞ்சம் பொறுத்து, "அவதின்னா லீவு" என்றாள்.

அத்தை ஊர்வலத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றார். கடலைப் பொட்டலம் காலியாகி யாரோ காகிதத்தைச் சுருட்டிக் காயலில் எறிந்தார்கள்.

"நாங்க உங்க ஊருக்குப் பயந்தோம் சம்பந்தியம்மா" என்றார் அப்பா. "அதைச் சொல்ல வெக்கமாயிருந்தது. அதனாலதான் சமரம்னு சொன்னேன்."

அத்தை அதைக் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை. முந்தானையை விலக்கிக் குழந்தையின் முகத்தைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது.

"இதுக்குப் பயந்துதானா," என்றார், "இவள நான் அந்தத் தீக்குள்ள புடிச்சி வச்சிருந்தேன்?"

அப்பா குனிந்து அவருடைய துணி மூட்டையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். வீடு போய்ச் சேரும்வரை அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.